மொட்டைமாடி போன்சாய்: இலை கொட்டினால், நுனி கருகினால், தண்டு மெத்தென்றால்

மஞ்சள் இலையைப் பார்த்த உடனே உரப் பொட்டலத்தைத் தேடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நானும் அப்படித்தான் இருந்தேன், அந்தப் பழக்கத்துக்கு ஒரு அரசும், அதே இனத்து அலங்கார மரமான ஃபைகஸ் இரண்டும் பலி. இப்போது சென்னையில் மொட்டைமாடியில் முப்பது சொச்சம் தொட்டிகள் இருக்கின்றன. ஆல், அரசு, ஃபைகஸ், போகன்வில்லா, அடீனியம், ஜேட், ஒரு புளி, ஒரு கொடுக்காப்புளி. குளிர் நாட்டுக்காரர்கள் சொல்லும் போன்சாய் பாடத்தில் பாதி நம் வெயிலுக்கு ஒத்துவராது, அதனால் இங்கே பார்த்ததையும் பட்டதையும் மட்டும் சொல்கிறேன்.

எந்தக் கோளாறாக இருந்தாலும் முதலில் இரண்டு சோதனை.

ஒன்று, ஊதுபத்திக் குச்சி. எரிந்து முடிந்ததும் மிஞ்சும் அடிக்குச்சியில் சாயம் இல்லாததாக ஒன்றை எடுத்து, தண்டுக்கும் தொட்டி விளிம்புக்கும் நடுவில் அடிவரை செருகுங்கள். பத்து நிமிஷம் கழித்து உருவிப் பாருங்கள். மூங்கில் என்பதால் ஈரம் பட்ட இடம் கருத்துத் தெரியும். மேலே ஒரு விரற்கடை வெளுத்து, அதற்குக் கீழே கருத்திருந்தால் சரியான ஈரம். முழுக்கக் கருத்து நாற்றம் அடித்தால் வேர் அழுக ஆரம்பித்துவிட்டது. செருகியபடியே வெளுப்பாக வந்தால், மேல் மண் எவ்வளவு ஈரமாகத் தெரிந்தாலும் உள்ளே வறட்சிதான்.

இரண்டு, நகக்கீறல். ஒரு கிளையின் பட்டையை நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். உள்ளே பச்சை இருந்தால் உயிர் இருக்கிறது, பழுப்பு என்றால் அந்த இடம் போய்விட்டது. நுனியில் ஆரம்பித்துக் கீழே இறங்கிக்கொண்டே வந்தால் எதுவரை செத்திருக்கிறது என்று தெரியும். இந்த இரண்டையும் செய்யாமல் மருந்து, உரம், வெட்டு எதுவும் வேண்டாம்.

இலை மஞ்சளாகிக் கொட்டுகிறது

என்னிடம் கேட்கிறவர்களில் பாதிப் பேர் இதைத்தான் கேட்கிறார்கள், இதில்தான் குழப்பமும் அதிகம், ஏனென்றால் தண்ணீர் கூடினாலும் இலை மஞ்சளாகும், குறைந்தாலும் மஞ்சளாகும்.

குச்சி முழுக்க ஈரமாக வந்தால் தண்ணீரை நிறுத்துங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டால் போதாது. ஏன் வடியவில்லை என்று பாருங்கள். தொட்டியைத் தூக்கி அடித்துளையில் குச்சியை விட்டுப் பாருங்கள். கொசுவலைத் துண்டை வைத்து அடைத்திருப்பார்கள், அது நாளடைவில் சேறு படிந்து மூடிக்கொள்ளும், பெரிய கண் உள்ள பிளாஸ்டிக் வலைதான் சரி. துளை திறந்திருந்தும் வடியவில்லை என்றால் மண்தான் காரணம். நர்சரியில் வெறும் செம்மண்ணில் நட்டுக் கொடுப்பதும், அதோடு தேங்காய் நார்த்தூளை வாரிக் கொட்டுவதும் இங்கே சகஜம். நிலத்தில் நட்டால் அது பரவாயில்லை. இரண்டு அங்குல ஆழமே உள்ள போன்சாய்த் தட்டில் அது களியாகிவிடும். தட்டு ஆழம் குறையக் குறையத் தண்ணீர் வடிவது மோசமாகும் என்பது பலருக்குத் தெரியாது.

என் கலவை இது: உடைத்த செங்கல் இரண்டு பங்கு, பெருமணல் ஒரு பங்கு, நன்றாக மக்கிய உரம் ஒரு பங்கு. செங்கல் நன்கு வெந்ததாக இருக்க வேண்டும், அரைவேக்காட்டுச் செங்கல் மழையில் கரைந்து மறுபடியும் மண்ணாகிவிடும். இரண்டிலிருந்து ஐந்து மில்லிமீட்டர் வரை உள்ள துண்டுகளை மட்டும் எடுத்துக்கொண்டு, ரவைச் சல்லடையில் கீழே விழும் தூளை ஈவு இரக்கம் இல்லாமல் கொட்டிவிடுங்கள். அந்தத் தூள்தான் பின்னால் எல்லா இடுக்கையும் அடைக்கும். ஜப்பானிலிருந்து வரும் அகடாமா மண்ணை வாங்கலாமா என்று கேட்பார்கள். வாங்கலாம், காசு இருந்தால். கட்டட வேலை நடக்கும் இடத்தில் உடைந்த செங்கல் சும்மா கிடைக்கும்போது எனக்கு மனசு வரவில்லை.

குச்சி வறண்டு வந்தால் மேலிருந்து ஊற்றிப் பயனில்லை. ஒருமுறை நன்றாகக் காய்ந்து போன கலவை, அதிலும் நார்த்தூள் கலந்தது, தண்ணீரை உறிஞ்சாமல் ஓரமாக வழிய விட்டுவிடும். தொட்டியை அப்படியே ஒரு அகலமான பேசினில், தண்ணீர் மண்மட்டம் வரை வரும்படி இறக்கி வையுங்கள். குமிழி குமிழியாக வரும். குமிழி நின்ற பிறகு எடுங்கள், பத்துப் பதினைந்து நிமிஷம் ஆகும்.

ஈரம் சரியாகத்தான் இருக்கிறது, இலை மட்டும் கொட்டுகிறது என்றால் கடந்த பத்து நாளில் என்ன மாற்றினீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். ஃபைகஸ் வகைகளுக்கு இடம் மாற்றினாலே கோபம் வரும். மாடியில் இருந்ததை வரவேற்பறை ஏசிக்குக் கொண்டுபோனால் ஒரு வாரத்தில் பாதி இலை தரையில் கிடக்கும். அது நோய் இல்லை. வெளிச்சமான இடத்தில் வைத்துவிட்டு, இலை குறைந்த அளவுக்குத் தண்ணீரையும் குறைத்து, சும்மா இருங்கள். சும்மா இருப்பதுதான் நமக்கு வராது.

எந்த இலை மஞ்சளாகிறது என்பதையும் பாருங்கள். கீழே உள்ள முதிர்ந்த இலைகள் சீராக மஞ்சளானால் தழைச்சத்துப் பற்றாக்குறை, இங்கேதான் உரம் பொருந்தும். நுனியில் புதிதாக வரும் இலைகள் மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் இரும்புச்சத்து வேருக்கு எட்டவில்லை. மண்ணில் இரும்பு இருக்கும், உப்பும் சுண்ணாம்பும் கலந்த போர்வெல் தண்ணீர் மண்ணைக் காரமாக்கிவிடுவதால் வேரால் எடுக்க முடியாது. இதற்கு ஆணியைப் புதைத்து வைப்பதில் அர்த்தமில்லை. செடி எடுத்துக்கொள்ளும் வடிவில் இருக்கும், செலேட் செய்த இரும்புச்சத்து உரக்கடையில் கிடைக்கும், பொட்டலத்தில் போட்டிருக்கும் அளவில் பாதியைக் கரைத்து மாலையில் இலைமேல் தெளியுங்கள். மழைத்தண்ணீரைப் பிடித்து வைத்து ஊற்றினால் அடுத்த தளிரிலேயே வித்தியாசம் தெரியும். புதுச் சிமென்ட் தட்டில் நட்டிருந்தால் அதுவும் ஒரு காரணம், சுண்ணாம்பு கசிந்துகொண்டே இருக்கும். புதுத் தட்டை இரண்டு மூன்று வாரம் தண்ணீரில் ஊறப்போட்டு, தண்ணீரை அடிக்கடி மாற்றிய பிறகே நட வேண்டும்.

இலை நுனியும் ஓரமும் கருகுகிறது

மே மாதத்தில் என்றால் முதலில் தொட்டியைத் தொட்டுப் பாருங்கள். மதியம் இரண்டு மணிக்குத் தட்டின் மேற்குப் பக்கத்தில் கை வைத்து, வைத்த கையை உடனே எடுக்கத் தோன்றினால் உள்ளே வேர் வேகிறது என்று பொருள். ஆலமரத்துக்கு வெயில் ஒன்றும் செய்யாது என்று சொல்வார்கள், உண்மைதான், ஆனால் ஊரில் நிற்கும் ஆலமரத்தின் வேர் மண்ணுக்குள் ஆழத்தில் இருக்கிறது. நம் மரத்தின் வேர் இரண்டு அங்குலச் சிமென்டுக்குள், அதற்குக் கீழே கொதிக்கும் தளம்.

அதனால் தட்டைத் தரையில் வைக்காதீர்கள். பலகையோ, இரண்டு வரிசை செங்கலோ போட்டு உயர்த்தி, கீழே காற்று போக விடுங்கள். ஏப்ரல் தொடங்கி ஜூன் நடுவரை ஐம்பது சதவீத நிழல்வலை. கத்திரி வெயிலில் தட்டின் பக்கவாட்டில் ஈரச் சாக்கைச் சுற்றி வைக்கலாம், பார்க்க அழகாக இருக்காது, மரம் பிழைக்கும். காலை ஒருமுறை, மாலை ஒருமுறை தண்ணீர். இதில் நான் பட்ட அவஸ்தை ஒன்று. மாலை நாலு மணிக்குக் குழாயைத் திறந்து நேராகத் தொட்டிகளில் அடித்துக்கொண்டிருந்தேன், ஒருநாள் தற்செயலாகக் காலில் பட்டபோதுதான் தெரிந்தது, மாடித் தொட்டியிலிருந்து வருவது குளிக்கிற வெந்நீர். அதைத்தான் ஒரு வாரமாக வேருக்கு ஊற்றியிருக்கிறேன். இப்போது முதல் இரண்டு வாளியைப் பிடித்து ஆறவைத்துவிட்டு அப்புறம்தான் மரத்துக்கு.

கோடை இல்லாத மாதத்திலும் நுனி கருகினால் உப்பு. தட்டின் விளிம்பிலும் தண்டின் அடியிலும் வெள்ளையாகப் பூத்திருக்கிறதா பாருங்கள். வீட்டில் ஆர்ஓ இருக்கிறவர்கள் அதன் கழிவுத் தண்ணீரை வீணாக்க மனமில்லாமல் செடிக்கு ஊற்றுவார்கள். வீட்டுக்கு வந்த தண்ணீரில் இருந்த உப்பெல்லாம் திரண்டு நிற்பது அதில்தான். அதை வாசல் கழுவ வைத்துக்கொள்ளுங்கள். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர் நேர் எதிர், உப்பே கிடையாது, தாராளமாகப் பயன்படுத்தலாம், சத்தும் கிடையாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். ஏற்கெனவே உப்பு ஏறிய தட்டுக்கு நல்ல தண்ணீரை, தொட்டியின் கொள்ளளவைப் போல ஐந்தாறு மடங்கு, மெதுவாக ஊற்றி அடித்துளை வழியாக ஓடவிடுங்கள். மழைக்காலம் வந்தால் வானமே இதைச் செய்துவிடும்.

கடையில் வாங்கியது, தண்ணீர் உள்ளேயே இறங்கவில்லை

மேலே கூழாங்கல் பரப்பியிருக்கிறதா? ஒரு கல்லை எடுத்துப் பாருங்கள். வரவில்லை என்றால் பசை போட்டு ஒட்டியிருக்கிறார்கள். பரிசாக வரும் மரங்களில் இதை நிறையப் பார்க்கிறேன். வழியில் கொட்டாமல் இருக்கச் செய்வது, மரத்துக்கு மூச்சுத் திணறல். ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி முழுவதையும் எடுத்துவிடுங்கள்.

ஒரே மரத்தில் இரண்டு மாதிரி இலை

பெருத்த கிழங்கு மாதிரி அடி, மேலே குட்டி இலைக் குடுமி, ஜின்செங் ஃபைகஸ் என்று விற்பார்கள். அடிக்கிழங்கு ஒரு செடி, மேலே இருப்பது அதில் ஒட்டுக் கட்டிய சிறிய இலை வகை. ஒட்டுக்குக் கீழே கிளம்பும் கிளை வேர்ச்செடியுடையது, இலை பெரிதாக, வேகமாக வரும். விட்டால் குடுமியின் சத்தை எல்லாம் அது இழுத்துக்கொள்ளும். வாங்கிய உருவமே வேண்டும் என்றால் கீழே வருவதைக் கிள்ளிக்கொண்டே இருங்கள். எனக்கு அந்த உருவம் பிடிக்காது, பானைமேல் பூங்கொத்து வைத்த மாதிரி இருக்கும். நான் கீழ்க்கிளைகளை வளரவிட்டு, இரண்டு வருஷத்தில் குடுமியை வெட்டி எறிந்தேன், இப்போது அது மரம் மாதிரி இருக்கிறது.

இலை படகு மாதிரி மடிகிறது, பஞ்சு ஒட்டியிருக்கிறது, எறும்பு ஏறுகிறது

ஃபைகஸின் இளம் இலைகள் நடுநரம்பில் இரண்டாக மடிந்து, மேலே செம்புள்ளிகள் தெரிந்தால் பிரித்துப் பாருங்கள். கறுப்பாக, மெல்லிய குட்டிப் பூச்சிகள் ஓடும். இலைப்பேன். மடிந்த இலைக்குள் தெளிப்பு போகாது, அதனால் மருந்துக்கு முன் அந்த இலைகளை எல்லாம் கிள்ளி, ஒரு பையில் போட்டுக் கட்டி எறியுங்கள். செடிக்கு அடியில் போட்டால் மறுபடி ஏறும்.

வெள்ளைப் பஞ்சு மாதிரி கணுக்களில் இருந்தால் மாவுப்பூச்சி. கிளையில் எறும்பு வரிசை போகிறது என்றால் பஞ்சு கண்ணில் படாவிட்டாலும் எங்கோ இருக்கிறது, இலையடியில் தேடுங்கள். எறும்பு அதன் இனிப்புக் கசிவுக்காக அதைக் காவல் காக்கிறது. கொஞ்சமாக இருந்தால் பழைய டூத் பிரஷ்ஷே போதும். நிறைய என்றால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெய். எண்ணெயை முதலில் சில சொட்டு சோப்புக் கரைசலில் குழைத்துக்கொண்டு அப்புறம் தண்ணீரில் விடுங்கள், இல்லாவிட்டால் எண்ணெய் தனியாக மிதந்து இலையைச் சுடும். வெயில் தாழ்ந்த பிறகு, இலையின் அடிப்பக்கம் நனையும்படி, வாரம் ஒருமுறையாக மூன்று வாரம். ஒரு தடவையோடு விட்டால் முட்டையிலிருந்து அடுத்த கூட்டம் வரும்.

இலையில் ஊசி குத்தியது போல வெளிர்ப் புள்ளிகள், பளபளப்பு போய்விட்டது என்றால் வெள்ளைத்தாளைக் கீழே பிடித்துக் கிளையைத் தட்டுங்கள். விழுந்த புள்ளிகள் நகர்ந்தால் சிலந்திப்பேன். சூடும் வறட்சியும் அதற்குப் பிடிக்கும், தண்ணீரை இலையடியில் வேகமாகப் பீய்ச்சினாலே பாதி ஒழியும்.

அடீனியம் அடி மெத்தென்று இருக்கிறது

அழுத்திப் பார்த்துப் பதறாதீர்கள். தாகத்திலும் அது மெத்தென்றாகும், அப்போது அடி முழுவதும் சீராகத் தளர்ந்து, தோல் சுருங்கி, நாற்றம் இல்லாமல் இருக்கும், தண்ணீர் ஊற்றினால் சில நாளில் திரும்ப இறுகும். அழுகல் என்றால் ஒரு பக்கம் மட்டும் பொதபொதவென்று உள்வாங்கும், நிறம் மாறும், அழுத்தினால் நீர் கசியும். வடகிழக்குப் பருவமழையில், அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள், இது வராத மாடி கிடையாது. மழைக்கு முன்பே அடீனியத்தை மட்டும் கூரைக்குக் கீழே நகர்த்திவிட்டால் இந்தப் பத்தியே தேவைப்படாது.

வந்துவிட்டால் அன்றே வெளியே எடுங்கள். மண்ணை உதறி, கூர்மையான கத்தியால் அழுகலை வெட்டிக்கொண்டே போங்கள், வெட்டுமுகத்தில் ஒரு பழுப்புப் புள்ளிகூட இல்லாமல் வெள்ளையாக வரும்வரை. ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியை ஸ்பிரிட்டில் துடையுங்கள். என்னுடைய பெரிய அடீனியத்தில் கைப்பிடி அளவு பள்ளம் விழுந்தது, போதும் என்று ஒரு சின்னப் புள்ளியை விட்டேன், நாலாம் நாள் அந்தப் புள்ளியிலிருந்தே மறுபடி ஆரம்பித்தது. வெட்டிய இடத்தில் பூஞ்சணக்கொல்லிப் பொடியைத் தடவி, நிழலில் காற்றோட்டமாக ஒரு வாரமோ பத்து நாளோ தலைகீழாக வைத்துக் காயவிட்டு, காய்ந்த கலவையில் நடுங்கள். நட்டவுடன் தண்ணீர் கூடாது, ஒரு வாரம் போகட்டும். வெட்டும்போது வடியும் பால் நஞ்சு, கண்ணில் படாமல் பார்த்துக்கொண்டு கையைக் கழுவுங்கள்.

இன்னொன்று: நேற்று இலையோடு இருந்த அடீனியம் இன்று மொட்டை என்றால் அது நோயே இல்லை. விரல் தடிமனில் பச்சைப் புழு, தலைக்குப் பின்னால் கண் மாதிரி இரண்டு நீலப் பொட்டு, அரளியிலும் இதே புழுதான் வரும். கையால் எடுத்துப் போட்டால் தீர்ந்தது.

போகன்வில்லா பூக்கவே இல்லை

ஐந்தாறு மணிநேர நேர்வெயில் இருக்கிறதா? இருந்தும் பூக்கவில்லை என்றால் நீங்கள் ரொம்ப நன்றாகக் கவனித்துக்கொள்கிறீர்கள். தழைச்சத்து உரத்தை நிறுத்துங்கள், இலை லேசாகத் தொங்கும்வரை காயவிட்டு அப்புறம் ஊற்றுங்கள். பூ புதுத்தளிரில்தான் வரும், அதனால் உருவத்துக்காக வாராவாரம் நுனியைக் கிள்ளிக்கொண்டே இருந்தால் பூவையும் சேர்த்தே கிள்ளுகிறீர்கள். ஒருமுறை வெட்டிவிட்டு இரண்டு மாதம் கையைக் கட்டிக்கொள்ளுங்கள்.

மேலே காடு, கீழே மொட்டை

மரத்துக்கு உச்சியில்தான் ஆசை. உச்சியை வெட்டாமல் விட்டால் கீழ்க்கிளைக்கு வெளிச்சமும் போகாது, சத்தும் போகாது, ஒவ்வொன்றாகக் காயும். உச்சியைக் கடுமையாகவும் கீழே உள்ளதை லேசாகவும் வெட்டுங்கள், சில கீழ்க்கிளைகளை வெட்டவே வேண்டாம், நீளமாக ஓடட்டும், அப்போதுதான் தடிக்கும். தொட்டியைப் பத்து நாளைக்கு ஒருமுறை கால் சுற்று திருப்பி வைப்பதும் உதவும்.

கம்பி பதிந்து தழும்பாகிவிட்டது

குளிர்நாட்டு வழிகாட்டிகளில், கிளையை வளைக்கச் சுற்றும் கம்பி மாதக்கணக்கில் இருக்கலாம் என்று போட்டிருக்கும். நம் ஃபைகஸ் மழைக்குப் பிறகான வளர்ச்சியில் மூன்று நாலு வாரத்திலேயே கம்பியை விழுங்க ஆரம்பித்துவிடும், வாரம் ஒருமுறை பாருங்கள். பதிந்திருந்தால் சுற்றைப் பிரிக்காதீர்கள், பட்டை உரியும். ஒவ்வொரு சுற்றாகக் கட்டரால் துண்டு துண்டாக வெட்டி எடுங்கள். அலுமினியக் கம்பி மறுபடி உதவுமே என்று மிச்சம் பிடிக்க இது இடமில்லை. தழும்பு ஃபைகஸில் சில வருஷத்தில் ஓரளவு மறையும்.

ஆலுக்கு விழுது வரவில்லை

விழுதுக்கு ஈரக்காற்று வேண்டும். மாடியின் நடுவில் அனல்காற்றில் நிற்கும் ஆலுக்கு நுனி எட்டிப்பார்க்கும், காய்ந்துவிடும். மழைக்காலத்தில் நாலைந்து தொட்டிகளை நெருக்கி, சுவரோரம் வைத்துப் பாருங்கள். ஒரு விழுது வெள்ளையாக நீண்டதும், ஸ்ட்ராவை நீளவாக்கில் கீறி, உள்ளே ஈரப்பாசி வைத்து, விழுதைச் சுற்றிப் போட்டு அதன் அடியை மண்ணில் ஊன்றிவிடுங்கள். மண்ணைத் தொட்டுப் பிடித்ததும் மளமளவென்று தடிக்கும். அடையாறு ஆலமரத்தின் நடுத்தண்டு 1989 புயலில் சாய்ந்த பிறகும் மரம் இன்றுவரை நிற்பது விழுதுகளால்தான். தொட்டியிலும் அப்படியே, நடுத்தண்டு அழுகிய ஒரு ஆலை நான் இரண்டு விழுதை வைத்தே மீட்டிருக்கிறேன்.

தொட்டி மாற்றிய பிறகு வளரவே இல்லை

தண்டைப் பிடித்து மெதுவாக அசைத்துப் பாருங்கள். ஆடினால் அதுதான் காரணம். காற்றில் ஒவ்வொரு முறை ஆடும்போதும் முடி மாதிரி வரும் புதுவேர் அறுந்துகொண்டே இருக்கும். அடித்துளை வழியாகக் கம்பி விட்டு வேர்ப்பந்தைத் தட்டோடு இறுகக் கட்டுங்கள். 2016 டிசம்பரில் வர்தா புயல் வந்தபோது என் மாடியில் கட்டாத மரங்கள் எல்லாம் தட்டு ஒரு பக்கம், மரம் ஒரு பக்கம். தொட்டி மாற்றுவதை நான் பிப்ரவரி, மார்ச்சிலோ ஜூலைக்குப் பிறகோ வைத்துக்கொள்கிறேன், கத்திரியில் வேரைத் தொடுவதே இல்லை.

ஜூனிபர் பழுப்பாகிறது

குளிர்நாட்டு ஊசியிலை மரமான இதை மலையடிவார நகரங்களிலிருந்தும் இணையத்திலிருந்தும் ஆசையாக வாங்கி வந்து, ஆறு மாதம் கழித்து என்ன மருந்து அடிக்கலாம் என்று கேட்பார்கள். நகக்கீறலைச் செய்து பாருங்கள், பெரும்பாலும் உள்ளே காய்ந்திருக்கும். ஜூனிபர் செத்த பிறகும் சில வாரம் பச்சையாகவே நிற்கும், பழுப்பு தெரியும்போது சேதி பழையதாகிவிட்டது. ஜூனிபர், பைன், மேப்பிள் மாதிரி மரங்களுக்கு ஒரு குளிர்கால உறக்கம் வேண்டும், சென்னை டிசம்பர் அதற்குக் காணாது. கொடைக்கானலிலோ ஊட்டியிலோ இருந்தால் வேறு கதை. நான் மூன்று ஜூனிபர் வாங்கினேன், மூன்றும் போயின. கடைசியாகப் போனதன் தட்டில் இப்போது பக்கத்துக் காலி மனையில் பிடுங்கிய கொடுக்காப்புளி இருக்கிறது. கம்பி கட்டும்போது கையில் முள் குத்துவதைத் தவிர அதனால் எனக்கு இதுவரை ஒரு தொந்தரவும் இல்லை.